‘சர்வைவ்’ என்ற ஆங்கில வினைச்சொல்: பொருள், பிறப்பு, பயன்பாடு – இராமநாதபுரம் கடற்கரை வாசகர்களுக்கான கேள்வி பதில்

தொண்டியில் வங்கிப் பாஸ்புத்தகம், தேவிபட்டினத்தில் இறால் பண்ணைக் கணக்கு, கீழக்கரையில் இன்சூரன்ஸ் பத்திரம், பாம்பனில் கப்பல் வேலைக்குப் போகும் பையனின் பயிற்சிச் சான்றிதழ். இந்த நான்கிலும் ‘சர்வைவ்’ குடும்பத்துச் சொல் ஒன்று இருக்கும். பள்ளியில் ‘உயிர் பிழை’ என்று ஒரே பொருளை மனப்பாடம் செய்தவர்களுக்கு இவற்றில் பாதி இடங்களில் அர்த்தம் பிடிபடுவதில்லை. சொல் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துவிட்டால் நான்கும் ஒரே சொல்தான் என்பது விளங்கும்.

‘சர்வைவ்’ என்றால் சரியாக என்ன பொருள்?

ஒன்று முடிந்த பிறகும் உயிரோடு, அல்லது இருப்பில், தொடர்வது. அந்த ‘ஒன்று’ தான் இங்கே முக்கியம். அது புயலாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், இன்னொரு மனிதரின் ஆயுளாகவும் இருக்கலாம். ‘லிவ்’ என்றால் வெறுமனே வாழ்வது. ‘சர்வைவ்’ என்று சொன்னதுமே ‘எதைத் தாண்டி?’ என்ற கேள்வி கூடவே வந்துவிடும். வாக்கியத்தில் பதில் இல்லாவிட்டாலும் பேசுகிறவர், கேட்கிறவர் இருவர் மனதிலும் அது இருக்கும்.

ஆகவே இரண்டு பெரும் பொருள்கள். முதலாவது, ஆபத்தைத் தாண்டி இருத்தல்: 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் பிழைத்தவர்களைப் பற்றி ‘தே சர்வைவ்ட் த சைக்ளோன்’ என்று எழுதுவார்கள். இரண்டாவது, இன்னொருவர் இறந்த பின்னும் இருத்தல்: ‘ஷி சர்வைவ்ட் ஹெர் ஹஸ்பண்ட் பை டென் இயர்ஸ்’, அதாவது கணவர் காலமான பின் பத்து ஆண்டு அந்த அம்மா வாழ்ந்தார். இரண்டாவது வாக்கியத்தில் ஆபத்து எதுவும் கிடையாது. கணவரிடமிருந்து தப்பித்தார் என்று மொழிபெயர்த்தால் கதை தலைகீழாகிவிடும். பலருக்குத் தெரியாத இந்த இரண்டாம் பொருள்தான் ஆங்கிலத்தில் முதலில் வந்தது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேல், அப்பால். ‘வீவெரே’ என்றால் வாழ்தல். இரண்டும் சேர்ந்து ‘சூப்பர்வீவெரே’, அப்பாலும் வாழ்தல். பழைய பிரெஞ்சில் ‘சூப்பர்’ தேய்ந்து ‘சுர்’ ஆனது. சொல் ‘சுர்வீவ்ர்’ ஆனது. இன்றைய பிரெஞ்சிலும் அப்படியேதான் இருக்கிறது.

1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362-இல்தான். அதன் பிறகும் வழக்கறிஞர்களின் எழுத்தில் பிரெஞ்சு நெடுநாள் நீடித்தது. சொத்துரிமையைப் பேசும் இடத்தில் ‘இவர் போன பின் அவர் இருந்தால் நிலம் யாருக்கு?’ என்ற கேள்வி ஓயாமல் வரும் அல்லவா? அந்தத் தேவையோடுதான் 15-ஆம் நூற்றாண்டில் ‘சர்வைவ்’ ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘உயிரோடு தொடர்தல்’ என்ற பொதுப்பொருளும் வந்தது. ‘சர்வைவல்’ என்ற பெயர்ச்சொல் தோன்றியது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

இதே கட்டமைப்பு ஐரோப்பாவின் மற்ற மொழிகளிலும் உண்டு. ஜெர்மனில் ‘யூபர்லேபன்’, டச்சில் ‘ஓவர்லேவன்’: இரண்டுக்கும் சொல்லுக்குச் சொல் ‘மேல்-வாழ்’ என்றே பொருள். ஆங்கிலத்திலும் ‘ஓவர்லிவ்’ என்ற சொந்தச் சொல் இருந்து வழக்கொழிந்தது.

‘ஜீவன்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு. லத்தீன் ‘வீவெரே’, சமஸ்கிருத ‘ஜீவ’, கிரேக்க ‘பியோஸ்’ (‘பயாலஜி’யில் வரும் ‘பயோ’ இதுதான்) எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ‘வேகமான’ என்று நாம் படிக்கும் ஆங்கில ‘குவிக்’ கூட இந்தக் குடும்பம்தான். அதன் பழைய பொருள் ‘உயிருள்ள’. பாதரசத்தை ‘குவிக்சில்வர்’, புதைமணலை ‘குவிக்சேண்ட்’ என்பது அவை உயிருள்ளவைபோல் நகர்வதால்.

சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த சீவன், சீவனம், சிரஞ்சீவி, சஞ்சீவி, கோர்ட்டில் கேட்கும் ஜீவனாம்சம் ஆகியவை ‘சர்வைவ்’ சொல்லுக்குத் தூரத்துச் சொந்தங்கள். ஆனால் ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பனையேறிகள் பாளை ‘சீவுவது’ வேறு. அது தமிழ் வினை, சீவனோடு தொடர்பில்லை. தமிழ் ‘பிழை’யும் திராவிட வேர்; ஐரோப்பியச் சொற்களோடு அதற்கு ஒட்டு உறவு கிடையாது.

‘சர்’ என்று தொடங்கும் எல்லாச் சொல்லிலும் இந்த ‘மேல்’ உண்டா?

பலவற்றில் உண்டு. ‘சர்ஃபேஸ்’ மேல்முகம், ‘சர்சார்ஜ்’ மேல்கட்டணம், ‘சர்ப்ளஸ்’ மிகுதி, ‘சர்நேம்’ மேற்பெயர். தாலுகா ஆபீஸ் ‘சர்வே’யும் இதே ‘சர்’தான்: மேலிருந்து பார்த்தல். லத்தீனிலிருந்து நேராக வந்த ‘சூப்பர்வைஸ்’ அதன் உடன்பிறப்பு. ‘சர்ஜன்’ மட்டும் சேராது. அது ‘கையால் செய்யும் வேலை’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

‘வைவ்’ பக்கம் பார்த்தால் ‘ரிவைவ்’ (மீண்டும் உயிர்ப்பித்தல்), ‘விவிட்’ (உயிர்ப்பான) இரண்டும் சொந்தம். 1912-இல் காசிமிர் ஃபங்க் உருவாக்கிய ‘விட்டமின்’ என்ற சொல்லில் இருக்கும் ‘விட்டா’, உயிர் என்ற லத்தீன் சொல்.

‘சர்வைவ் ஃப்ரம் த சைக்ளோன்’ என்று எழுதினால் ஏன் தவறு என்கிறார்கள்?

தமிழ் பேசுகிறவர்கள் இந்தச் சொல்லில் அதிகம் செய்யும் தவறு இதுதான். காரணமும் தெளிவு. ‘புயலிலிருந்து பிழைத்தான்’, ‘புயலுக்குத் தப்பினான்’ என்று நாம் வேற்றுமை உருபு போட்டுப் பழகியவர்கள். அந்த ‘இலிருந்து’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஃப்ரம்’ ஆகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் ‘அப்பால்’ என்ற பொருள் ‘சர்’ என்ற முன்னொட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆகையால் ‘சர்வைவ்’ செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்ளும்: ‘சர்வைவ்ட் த சைக்ளோன்’, ‘சர்வைவ்ட் த சுனாமி’, ‘சர்வைவ்ட் எ ஹார்ட் அட்டாக்’. தமிழில் இதற்கு இணையான அமைப்பு ‘கடந்தான்’, ‘தாண்டினான்’: புயலைக் கடந்தான் என்போம், புயலிலிருந்து கடந்தான் என்னோம். எழுதும்போது மனதுக்குள் ‘பிழைத்தான்’ என்பதற்குப் பதில் ‘தாண்டினான்’ என்று வைத்துப் பாருங்கள். ‘ஃப்ரம்’ வரவே வராது.

‘ஃப்ரம்’ வேண்டிய வினைகளும் உண்டு: ‘எஸ்கேப்’ (தப்பு), ‘ரெஸ்கியூ’, ‘சேவ்’ (மீட்டல், காத்தல்), ‘ரெக்கவர்’ (நோயிலிருந்து தேறல்). ‘தே வேர் ரெஸ்கியூட் ஃப்ரம் த ஸீ’ சரி. ‘தே சர்வைவ்ட் ஃப்ரம் த ஸீ’ தவறு.

இதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. ‘காப்பாற்றப்பட்டான்’ என்று சொல்ல நினைத்து ‘ஹி வாஸ் சர்வைவ்ட்’ என்று எழுதுவது. செயப்பாட்டு வினையில் பொருள் அப்படியே கவிழ்ந்து, அந்த ஆள் இறந்துவிட்டான், அவனுக்குப் பின் யாரோ இருக்கிறார்கள் என்றாகிவிடும். உயிரோடு இருப்பவனைப் பற்றி மனுவில் இப்படி எழுதிவிடாதீர்கள். ‘ஹி சர்வைவ்ட்’ என்ற இரண்டு சொல் போதும்.

‘பிழைத்த மக்கள்’ என்பதை ‘சர்வைவ்ட் பீப்பிள்’ என்று எழுதுவதும் சரியல்ல. ‘சர்வைவிங் பீப்பிள்’ அல்லது ‘சர்வைவர்ஸ்’.

‘சர்வைவ் ஆன்’, ‘சர்வைவ் பை’, ‘சர்வைவ் ஆஸ்’?

‘ஆன்’ வந்தால் எதைக் கொண்டு உயிர் ஓடுகிறது என்பது. கஞ்சியும் கருவாடும் தின்று காலம் தள்ளுவது ‘சர்வைவ் ஆன் கஞ்சி’. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தில் வீடு ஓடினால் அதுவும் ‘சர்வைவ் ஆன்’. ‘பை’ வந்தால் வழிமுறை: மிதவையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார் என்பது ‘சர்வைவ்ட் பை க்ளிங்கிங் டு எ ஃப்ளோட்’. ‘ஆஸ்’ வந்தால் எந்த உருவில் எஞ்சியிருக்கிறது என்பது: தனுஷ்கோடி தேவாலயம் இடிபாடாக எஞ்சியிருக்கிறது.

பேச்சுவழக்கில் ‘எப்படி இருக்கிறாய்?’ என்றால் ‘சர்வைவிங்’ என்று பதில் வரும். நம்மூர் ‘ஏதோ பொழப்பு ஓடுது’ அதற்கு அச்சாகப் பொருந்தும்.

இரங்கல் செய்தியில் ‘சர்வைவ்ட் பை’ என்று வருகிறதே, யார் யாரைக் காப்பாற்றினார்கள்?

யாரும் யாரையும் காப்பாற்றவில்லை. ‘ஹி இஸ் சர்வைவ்ட் பை ஹிஸ் ஒய்ஃப் அண்ட் டூ சன்ஸ்’ என்றால், காலமானவருக்கு மனைவியும் இரு மகன்களும் உள்ளனர் என்று பொருள். தமிழ்ப் பத்திரிகைகள் ‘அவருக்கு மனைவி, இரண்டு மகன்கள் உள்ளனர்’ என்று எழுதுவது அளவான, சரியான மொழிபெயர்ப்பு.

ஆங்கில நாளிதழுக்கு நீங்களே இரங்கல் குறிப்பு எழுதுவதானால்: பெயர், வயது, ஊர், காலமான நாள்; பிறகு ‘ஹி இஸ் சர்வைவ்ட் பை’; அதன் பின் கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்ற வரிசை. அவருக்கு முன்பே இறந்தவர்களை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. ‘இஸ்’ என்ற நிகழ்காலமே பொருந்தும், குடும்பத்தார் இப்போதும் இருப்பதால்.

தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது?

ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்ட வைக்க முயல்வதுதான் மொழிபெயர்ப்புகளைக் கெடுக்கிறது. மனிதர், விலங்கு ஆபத்தைத் தாண்டினால் பிழைத்தல், உயிர் தப்புதல். பொருள், கட்டடம், வழக்கம் என்றால் எஞ்சுதல், நிலைத்தல். கடன், நஷ்டம், பஞ்சம் என்றால் தாக்குப்பிடித்தல். இன்னொருவர் இறந்த பின் என்றால் ‘அவருக்குப் பின்னும் வாழ்ந்தார்’ என்று விரித்துச் சொல்வதே நல்லது.

‘பிழை’ என்ற சொல்லின் அருமையான இயல்பு, ‘பிழைப்பு’ என்று வாழ்வாதாரத்தையும் அது தனக்குள் வைத்திருப்பது. ‘கடல்தான் எங்க பொழப்பு’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல ‘சர்வைவல்’ மட்டும் போதாது, ‘லைவ்லிஹுட்’ வேண்டும்.

உயிரற்றவையும் ‘சர்வைவ்’ ஆகுமா?

ஆகும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் 1964 புயலில் பெரும் சேதமடைந்தது. 46 நாளில் சீரமைக்கப்பட்டது. 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. அதைப் பற்றி ‘த பிரிட்ஜ் சர்வைவ்ட்’ என்று எழுதலாம். அன்று பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் ரயில் பிழைக்கவில்லை. ‘டிட் நாட் சர்வைவ்’.

மன்னார் வளைகுடாவில் தீவுகள் 21 என்று பாடத்தில் படிப்போம். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. எஞ்சியவற்றைச் ‘சர்வைவிங் ஐலண்ட்ஸ்’ எனலாம். குருசடைத் தீவின் மணலில் வாழும் பாலனோகிளாசஸ் என்ற புழுவைப் போன்ற பழமையான உயிரினத்தைப் பற்றி எழுதும்போதும் இந்தச் சொல் வரும். அங்கே பொருள் ‘தொல்காலம் கடந்து நிலைத்தது’.

வங்கிக் கணக்கில் ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்றால்?

இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு. இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாகப் பணம் எடுக்கலாம். ஒருவர் இறந்தால் மீதித் தொகையை உயிரோடு இருப்பவரிடம் வங்கி கொடுக்கும். கணவர் கடலுக்குப் போகும் வீட்டில் மனைவி அவசரத்துக்குப் பணம் எடுக்க இதுவே வசதி.

‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ வேறு. முதல் பெயருக்குரியவர் இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்க முடியும்; அவர் இறந்த பிறகே இரண்டாமவருக்கு உரிமை. கணக்கு தொடங்கும்போது எந்தப் பெயர் முதலில் என்பதைக் கவனிக்காமல் விட்டால், கணவர் தொடர்பில்லாத நாட்களில் மனைவி வங்கி வாசலில் நிற்க நேரும். ‘எனிஒன் ஆர் சர்வைவர்’ இரண்டு பேருக்கு மேற்பட்ட கணக்குக்கு.

‘ஜாயின்ட்லி’ என்று மட்டும் இருந்தால் அதில் ‘சர்வைவர்’ இல்லை. ஒவ்வொரு முறையும் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்; ஒருவர் இறந்தால் மற்றவரோடு இறந்தவரின் வாரிசுகளும் சேர்ந்துதான் தொகையைப் பெற முடியும்.

இங்கே இரண்டு குழப்பம் வரும். ‘சர்வைவர்’ வேறு, ‘நாமினி’ வேறு. கூட்டுக் கணக்கில் நாமினிக்கு முறை வருவது கணக்குதாரர்கள் எல்லோரும் இறந்த பிறகுதான். இன்னொன்று, வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீரும் என்பதையே இந்தச் சொற்கள் தீர்மானிக்கின்றன. சொத்தின் மீது மற்ற வாரிசுகளுக்குச் சட்டப்படி உள்ள பங்கை இவை அழித்துவிடுவதில்லை. உங்கள் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘மோட் ஆஃப் ஆபரேஷன்’ என்ற வரியைப் பாருங்கள். ‘இ ஆர் எஸ்’ (E or S) என்று சுருக்கியிருந்தால் அது ‘ஐதர் ஆர் சர்வைவர்’.

அப்பாவும் மகனும் ஒரே படகில் போய் இறந்துவிட்டால் யார் ‘சர்வைவர்’?

யார் முதலில் இறந்தார் என்பது சாட்சியால் தெரிந்தால் அதுவே முடிவு. தெரியாவிட்டால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 21, ஓர் ஊகத்தை வகுத்திருக்கிறது: மறுப்புச் சான்று வரும்வரை, வயதில் இளையவர் மூத்தவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தார் என்றே கொள்ள வேண்டும். இதன் விளைவு பெரிது. அப்பாவின் சொத்தில் மகனின் பங்கு ஒரு கணமாவது மகனுக்குச் சேர்ந்து, பிறகு மகனின் மனைவி, பிள்ளைகள், தாய் என்ற அவனுடைய வாரிசுகளுக்குப் போகும். அந்த ஒரு கணத்தைத்தான் சட்டம் ‘சர்வைவ்ட்’ என்ற சொல்லால் குறிக்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவர்கள் தத்தம் வாரிசுரிமைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்க வேண்டும்.

உடல் கிடைக்காமல் ஆள் காணாமல் போனால் நிலைமை வேறு. உயிரோடிருந்தால் இயல்பாகச் செய்தி தெரியக்கூடியவர்களுக்கு 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால், உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் பிரிவு 108 ஆக இருந்த இந்த விதி, அதற்குப் பதிலாக வந்த 2023 சட்டத்திலும் தொடர்கிறது. அதனால் காணாமல் போனதும் காவல்நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் எந்தத் தேதியிலிருந்து தகவல் இல்லை என்பதைக் காட்ட அந்தக் காகிதம் வேண்டும்.

பழைய தீர்ப்புகளில் வரும் ‘சர்வைவர்ஷிப்’ என்பது, இந்துக் கூட்டுக் குடும்பத்தில் இறந்தவரின் பங்கு எஞ்சிய ஆண் பங்காளிகளுக்குச் சேரும் முறை. தமிழ்நாட்டில் 1989 திருத்தம், அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்கும் பிறப்பால் சம உரிமை கொடுத்தது. 2005 மத்தியத் திருத்தம் அந்தச் சேர்க்கை முறையையே நீக்கியது.

இன்சூரன்ஸில் ‘சர்வைவல் பெனிஃபிட்’?

பாலிசிதாரர் குறிப்பிட்ட ஆண்டுவரை உயிரோடு இருந்தால் அவருக்கே கிடைக்கும் தொகை. மணி பேக் பாலிசிகளில் சில ஆண்டுக்கு ஒரு முறை வருவது இதுதான். இறந்தால் குடும்பத்துக்கு வருவது ‘டெத் பெனிஃபிட்’.

‘சர்வைவல் பீரியட்’ என்ற வரியை இன்னும் கவனமாகப் படியுங்கள். கடும்நோய்ப் பாலிசிகளில், நோய் உறுதியான நாளிலிருந்து இத்தனை நாள் (பல பாலிசிகளில் 30) நோயாளி உயிரோடு இருந்தால்தான் தொகை என்ற நிபந்தனை அது. மாரடைப்பு வந்த மூன்றாம் நாளே இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தக் கடும்நோய்த் தொகை மறுக்கப்படுவது இந்த ஒரு வரியால்தான்.

இறால் பண்ணையில் ‘சர்வைவல்’ எத்தனை சதவீதம் என்கிறார்களே, எப்படிக் கணக்கிடுவது?

பிடித்த எண்ணிக்கையை விட்ட எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். இறாலை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் எடையிலிருந்து வருகிறோம். 1,00,000 குஞ்சு விட்ட குளத்தில் 1,500 கிலோ, 50 கவுன்ட் இறால் பிடிபட்டது என்று வையுங்கள். 50 கவுன்ட் என்றால் கிலோவுக்கு 50. ஆகவே 1,500 × 50 = 75,000. சர்வைவல் 75 சதவீதம்.

கணக்கு எங்கே தவறும்? குஞ்சுப் பொரிப்பகம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்த போனஸ் குஞ்சைச் சேர்க்காமல் விட்டால் சதவீதம் பொய்யாக உயரும். சில சமயம் நூறையே தாண்டும். இடையில் ஒரு முறை வலை போட்டுப் பிடித்ததை மறந்தால் பொய்யாகக் குறையும். ஒரே மூலையில் வீச்சுவலை எறிந்து கவுன்ட் பார்த்தால் சராசரி எடை தப்பும். மூன்று நான்கு இடங்களில் எடுத்துப் பார்க்க வேண்டும். குளத்தில் விட்டபோதே செத்த குஞ்சையும் வளர்ப்புக் காலத்தில் செத்ததையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், தவறு உப்பு, வெப்பம் பழக்கியதிலா, தீவனத்திலா, நோயிலா என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும். ‘மார்ட்டாலிட்டி’ இதன் மறுபக்கம்: சர்வைவல் 75 என்றால் மார்ட்டாலிட்டி 25.

கப்பல் பயிற்சியில் வரும் ‘சர்வைவல் க்ராஃப்ட்’?

கப்பலைக் கைவிட்ட நேரத்திலிருந்து ஆட்களின் உயிரைக் காத்து வைக்கக்கூடிய கலம்: லைஃப்போட், லைஃப்ராஃப்ட். கப்பல் வேலைக்குப் போக வேண்டுமானால் ‘பர்சனல் சர்வைவல் டெக்னிக்ஸ்’ அடிப்படைப் பயிற்சியில் ஒன்று. கலத்தை இறக்கி நடத்தக் கற்பது தனிப் பயிற்சி. சர்வதேச விதிப்படி லைஃப்போட்டில் ஆளுக்கு 3 லிட்டர், லைஃப்ராஃப்டில் ஆளுக்கு 1.5 லிட்டர் குடிநீர் இருக்க வேண்டும். கடல்நீரைக் குடிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் கணக்குதான்: அதில் உப்பு சுமார் 3.5 சதவீதம். அவ்வளவு செறிவில் உப்பைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது; குடித்த நீரைவிட அதிக நீரை உடல் இழக்கும். கரைக்கு உதவி கேட்க இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

‘சர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்’ என்றால் பலசாலி பிழைப்பான் என்பதா?

இல்லை. ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் எழுதிய தொடர் இது. டார்வின் தன் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் 1869 பதிப்பில் எடுத்துக்கொண்டார். ‘ஃபிட்’ என்பது சூழலுக்குப் பொருந்துவது. ‘தக்கன பிழைத்தல்’ என்ற தமிழ்த் தொடர் இதை ஆங்கிலத்தைவிடத் தெளிவாகச் சொல்கிறது. மணலில் புதைந்து ஒளியும் மெல்லுடலி, வலுவான மீன் அழிந்த இடத்திலும் பெருகலாம்.

‘சர்வைவர்ஷிப் பயஸ்’?

பிழைத்தவர்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பிழை. இரண்டாம் உலகப்போரில், குண்டு துளைத்தும் திரும்பிய விமானங்களில் துளையுள்ள இடங்களைக் கெட்டியாக்க நினைத்தார்கள். துளை இல்லாத இடத்தில் அடிபட்ட விமானங்கள் திரும்பவே இல்லை என்பதை ஆபிரகாம் வால்ட் என்ற கணித அறிஞர் கணக்கில் கொண்டார். ‘புயல் எச்சரிக்கை நாளில் போனேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற பேச்சும் இதே பிழைதான். அப்படிப் போய்த் திரும்பாதவர் கடற்கரையில் உட்கார்ந்து அதைச் சொல்ல முடியாது. மூன்றாம் எண், நான்காம் எண் கூண்டு ஏற்றிய நாளில் இந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

‘விக்டிம்’ என்பதற்குப் பதில் ‘சர்வைவர்’ என்று ஏன் எழுதுகிறார்கள்?

‘விக்டிம்’ நேர்ந்த கொடுமையை முன்னே வைக்கிறது. ‘சர்வைவர்’ அதன் பின்னும் வாழும் ஆளை முன்னே வைக்கிறது. வன்முறைக்கு ஆளானவர், சுனாமியில் பிழைத்தவர், புற்றுநோயாளி ஆகியோரைக் குறிக்க இது பரவியிருக்கிறது. இறந்தவரைக் குறிக்க ‘விக்டிம்’ மட்டுமே. முதல் தகவல் அறிக்கை போன்ற சட்ட ஆவணங்களிலும் ‘விக்டிம்’ தொடர்கிறது. உயிரோடிருப்பவர் தன்னை எப்படி அழைக்கச் சொல்கிறாரோ அப்படி அழைப்பதே மரியாதை.

எப்படி உச்சரிப்பது, எழுத்து எப்படி?

இரண்டு அசை. முதல் அசையை லேசாக விட்டு, இரண்டாவதான ‘வைவ்’ மீது அழுத்தம். கடைசியில் உகரம் சேர்த்து ‘சர்வைவு’ ஆக்கிவிடுவது நம் பழக்கம். மேல்பல் கீழுதட்டைத் தொட்ட நிலையிலேயே ஒலியை நிறுத்துங்கள். இறந்தகாலம் ‘சர்வைவ்ட்’, இன்னொரு அசை கூட்டி ‘சர்வைவெட்’ ஆகாது.

எழுத்து: எஸ், யு, ஆர், வி, ஐ, வி, இ. இரண்டாவது எழுத்தை ‘சர்வீஸ்’ நினைவில் ‘இ’ என்று போட்டுவிடுவார்கள், ‘யு’ தான். ‘சர்வைவிங்’, ‘சர்வைவல்’ இரண்டிலும் கடைசி ‘இ’ போய்விடும். ‘சர்வைவர்’ முடிவது ‘ஓ, ஆர்’; ‘இ, ஆர்’ அல்ல. வங்கிப் படிவத்தில் இதை நீங்களே எழுத வேண்டியிருந்தால், கட்டத்தில் ‘இ ஆர் எஸ்’ என்று சுருக்காமல் முழுத்தொடரையும் எழுதுங்கள்.